நான்கு மூலையிலும் மஞ்சள்

பெர்மாஸ் ஜெயா,
ஜொகூர்.
23 நவம்பர் 2025, ஞாயிறு.

அன்பு மகள் ரூபினிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம். நீ அங்கே சுகமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டுதான் எழுதத் தொடங்குகிறேன், வேறு மாதிரி நினைத்தால் பேனா ஓடாது. லீட்ஸில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்று என் போன் காட்டுகிறது. ஜொகூருக்குக் கீழே லீட்ஸையும் சேர்த்து வைத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் இரண்டையும் பார்ப்பேன். இங்கே முப்பத்திரண்டு, அங்கே மூன்று. மூன்று என்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. போன வாரம் கீழே மினி மார்க்கெட்டில் ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டுக் கொஞ்ச நேரம் வைத்திருந்து பார்த்தேன். கடைக்காரப் பெண் என்ன வேணும் ஆன்ட்டி என்று கேட்டாள். பட்டாணி ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இன்னும் பிரிக்கவில்லை. ஒரு ஆளுக்குப் பட்டாணி எத்தனை நாள் வரும்.

இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். நீ போனில் பேசும்போது பின்னால் யாராவது உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எக்ஸ்ரே அறைக்கு வெளியே நோயாளிகள் காத்திருப்பது எனக்கே கேட்கிறது. ம்மா ஒரு நிமிஷம் என்று சொல்லிப் போகிறாய். திரும்பி வரும்போது நான் சொல்ல வந்தது சின்னதாகிவிடுகிறது. அதனால் தாளில். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்திருக்கிறாய். மெதுவாகப் படி, ஒரே மூச்சில் வேண்டாம்.

முதலில் உனக்கு வேண்டிய செய்தி. பத்திரத்தில் மறுபடியும் கையெழுத்துப் போட்டாயிற்று. வியாழக்கிழமை, நோட்டரி வக்கீல் சுப்ஹான் முன்னால். அன்றைக்கே கூரியரில் போட்டேன், உன் வக்கீல் அலுவலகத்துக்கு நேராக. வருகிற புதனுக்குள் போய்விடும் என்றாள் கவுண்டரில் இருந்த பெண். இந்த முறை வெள்ளைத் தாள் வெள்ளையாகவே வருகிறது. நான் தொடவே இல்லை. சுப்ஹான் தன் கையாலேயே உறையில் போட்டு ஒட்டி, "அக்கா, இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, நேரா கூரியருக்குப் போங்க" என்று சொல்லித் தந்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் சொல்வது போல.

மஞ்சள் விஷயத்தில் நான் உன்னிடம் உண்மை சொல்லவில்லை. நீ கேட்டபோது சமையல் கை பட்டிருக்கும் என்றேன். நான்கு மூலையிலும் ஒரே அளவில் சமையல் கை படுமா. நான்தான் வைத்தேன். நல்ல காரியத்துக்குப் போகிற தாள் எதுவானாலும் மூலையில் மஞ்சள் வைக்காமல் இந்த வீட்டிலிருந்து போனதில்லை. உன் பள்ளிக்கூடப் பாரம், உன் பல்கலைக்கழகப் பாரம், நீ முதன்முதலில் இங்கிலாந்து போன டிக்கெட்டின் போட்டோஸ்டேட். நான் வருடா வருடம் குடிநுழைவு அலுவலகத்துக்கு எடுத்துப்போன பாஸ் பாரங்களிலும் வைத்திருக்கிறேன், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. ஒரே ஒரு தடவை அங்கே கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் விரலால் தொட்டுப் பார்த்து, மஞ்சளா அக்கா என்று மலாயில் கேட்டுச் சிரித்தாள். ஆனாலும் முத்திரைச் சாப்பு குத்தித் தந்துவிட்டாள். அந்தத் தைரியம்தான். நம் வீட்டிலிருந்து வீடு வாங்க என்று ஒரு தாள் போவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் கூடுதலாகக் குழைத்துவிட்டேன். தண்ணீராகிவிட்டது. உறைக்குள் இருந்த ஒரு வாரமும் அது ஊறிக்கொண்டே போய் என் கையெழுத்துவரை போயிருக்கிறது.

டோபிக் கடையில் எனக்கு இது பதினோராவது வருடம். மஞ்சள் கறைக்கு உத்தரவாதம் இல்லை என்று மூன்று மொழியில் சுவரில் எழுதி ஒட்டியதே நான்தான். என்னோடு அயர்ன் போடும் செல்வராணியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தாள். "ஊருக்கெல்லாம் போர்டு போட்டுட்டு நீயே தடவி அனுப்பிட்டியா மலரு. வெள்ளக்காரன் பார்த்துட்டு கறிக்கடையிலேர்ந்து வந்த பில்லுன்னு நெனச்சிருப்பான்" என்றாள். நானும் சிரித்தேன். பிறகு பின்னால் போய் மெஷின்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன், துடைக்க ஒன்றும் இல்லை.

உன் வக்கீல் சொன்னது நியாயம். கையெழுத்துக்குப் பக்கத்தில் கறை இருந்தால் யாரோ எதையோ அழித்து மாற்றியது போலத்தானே தெரியும். அதுவும் வெளிநாட்டிலிருந்து வரும் பணம், உனக்கோ அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் பி.ஆர் இன்னும் வரவில்லை, விண்ணப்பம் நிலுவையில். நான் புரிந்துகொண்டது சரிதானா பார். பி.ஆர் இருந்தால் விலையில் பத்தில் ஒரு பங்கு கையில் வைத்திருந்தாலே வங்கி கடன் கொடுக்கும். இல்லாததால் நாலில் ஒரு பங்கு கேட்கிறது. அதற்குத்தான் உன் அப்பாவின் ஈ.பி.எப் பணம். அது அம்மா மகளுக்குத் தரும் அன்பளிப்பு, கடன் இல்லை என்று நான் நோட்டரி முன்னால் எழுதித் தர வேண்டும். அந்த மூலப் பத்திரம் போய்ச் சேர்ந்து, வக்கீல் சரி என்று சொன்ன பிறகுதான் பணம் இங்கிருந்து கிளம்ப வேண்டும். டிசம்பர் பன்னிரண்டுக்குள் முடியாவிட்டால் வீட்டை விற்கிறவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். இவ்வளவும் ஒரு தாளில் தொங்கிக்கொண்டிருந்தது, அந்தத் தாளைத்தான் நான் கல்யாணப் பத்திரிகை ஆக்கி அனுப்பினேன்.

அன்றைக்கு உன்னிடம் சொன்னேன், வெயிலில் வைத்தால் மஞ்சள் போய்விடும், துணியில் அப்படித்தான் எடுப்போம் என்று. "இங்க ஏதும்மா வெயிலு" என்று சொன்னாய். லைன் கட் ஆகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன், நொடி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்புறம் நீ சொன்னாய், "விட்டுடலாம்மா. பி.ஆர் வரட்டும். அப்புறம் பார்த்துக்கலாம். எனக்கு டையர்டா இருக்கு." சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். சரி என்று சொல்லியிருக்கக் கூடாது. இந்தக் கடிதம் அந்தச் சரியைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான்.

பி.ஆர் வரட்டும் என்ற வார்த்தையை நான் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து கேட்டிருக்கிறேன். மணப்பாறையிலிருந்து கல்யாணமாகி வந்தது தொண்ணூற்று நாலில். அப்பா பாசிர் கூடாங் துறைமுகத்தில் போர்க்லிப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். நீ பிறந்த பிறகு வீடு வாங்கலாம் என்று வங்கிக்குப் போனோம். அவர் சம்பளம் மட்டும் போதாது, இன்னொரு வருமானம் வேண்டும் என்றார்கள். என் பாஸில் வேலை செய்யக் கூடாது என்று சாப்பு இருந்தது. பி.ஆர் வந்ததும் வாங்க என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். நான் உன்னை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அப்பா வெளியே வந்து, வரட்டும் என்றார். இரண்டாயிரத்துப் பதினொன்றில் எனக்குப் பி.ஆர் வந்தது, சிவப்பு ஐ.சி. பதினேழு வருடம். டோபியில் வேலைக்குச் சேர்ந்து சம்பளச் சீட்டு சேர்த்துக்கொண்டு மறுபடியும் போனோம். இப்போது அப்பாவுக்கு வயது தாண்டிவிட்டது, மிச்சமிருக்கும் வருடத்துக்குக் கணக்குப் போட்டால் மாதத் தவணை சம்பளத்தைவிடப் பெரிதாக வருகிறது என்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா, "ஒனக்குப் பேப்பர் வந்துச்சு, எனக்கு வயசு போயிருச்சு. ரெண்டும் ஒரே பஸ்ல வரமாட்டேங்குது பாரு" என்று சொல்லிச் சிரித்தார். நீ அப்போது எஸ்.பி.எம் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய், உன்னிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஐந்து வருடம்தான் இருந்தார்.

அந்தப் பதினேழு வருடமும் நான் பீங்கான் பாத்திரம் வாங்கியதில்லை. எல்லாம் சில்வர். பாஸ் கிடைக்காமல் ஊருக்குத் திரும்ப வேண்டி வந்தால் பெட்டியில் உடையாமல் போகும் என்று. சுவரில் ஆணி அடித்ததில்லை. அடிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, வீட்டுக்காரர்கூடச் சொல்லவில்லை. கை போகவில்லை. போன மாதம் வீடியோவில் நீ உன் அறையைக் காட்டினாய். நாள்காட்டி மேசையில் காபிக் கோப்பைமேல் சாய்ந்திருந்தது. பெரிய பெட்டி கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றது, அதன்மேல் துணி. அஞ்சு வருடமாகிறது ரூபி. நான் ஒன்றும் கேட்கவில்லை, சாப்பிட்டியா என்றுதான் கேட்டேன். பி.ஆர் கிடைக்காவிட்டால் அந்த வீட்டை என்னம்மா செய்யறது என்று நீ ஒரு தடவை கேட்டாய். விற்பாய். நஷ்டம் வரும். வரட்டும். இவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்று. பாதியில் தாளைக் கீழே வைத்துவிட்டு எனக்குப் போன் செய்யாதே, முழுவதும் படித்துவிட்டுச் செய்.

உன் வக்கீல் பத்திரத்தைத் திருப்பியது ஏழாம் தேதி, வெள்ளிக்கிழமை. அடுத்த ஞாயிறு, ஒன்பதாம் தேதி, வசந்தன் வந்தான். நம் வீட்டுக்காரர் மகன், சிங்கப்பூரில் இருப்பவன், உனக்குத் தெரியும். அவன் அப்பா செல்லப்பன் போன வருடம் தவறியதிலிருந்து வாடகையை அவன் கணக்கில்தான் போடுகிறேன். பிஸ்கட் டின் ஒன்று வாங்கி வந்தான். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, வாடகை வாங்க வருகிறவன் பிஸ்கட் வாங்கி வரமாட்டான். "ஆன்ட்டி, அப்பா இருந்த வரைக்கும் நான் ஒன்னும் பேசல. இப்ப அண்ணனுக்கும் எனக்கும் பிரிக்கணும். வெளிய ஆளுங்க கேட்டுட்டாங்க. ஆனா இருவத்தி நாலு வருஷம் இருந்திருக்கீங்க, மொதல்ல ஒங்ககிட்ட கேக்கறதுதான் நியாயம் லா. நீங்களே எடுத்துக்குங்க" என்றான். அவன் சொன்ன விலை வெளியில் சொல்வதைவிடக் குறைவு. அப்பாவின் பணம் அப்படியே போதும், கடன்கூட வேண்டாம். சிவப்பு ஐ.சி என்றால் தனியாக அனுமதி எடுக்க வேண்டும், அதையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். நல்ல பிள்ளை. யோசித்துச் சொல்லுங்க, ரெண்டு வாரம் போதுமா என்று கேட்டுவிட்டுப் போனான். வேண்டாம் என்றால் டிசம்பர் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

அந்த ஞாயிறிலிருந்து கையெழுத்துப் போட்ட வியாழன்வரை பதினோரு நாளில் நீ இரண்டு தடவை போன் செய்தாய். நான் சொல்லவில்லை. சொன்னால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். மஞ்சள் ஊறாமல் இருந்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் யோசிக்கவே வேண்டியிருந்திருக்காது, பணம் அதற்குள் அங்கே போயிருக்கும். ஊறிவிட்டது. பணம் என் கணக்கிலேயே இருந்தது. நீயும் வேண்டாம் விட்டுடலாம் என்று சொல்லியிருந்தாய். அதனால் யோசித்தேன். மறைக்காமல் சொல்கிறேன், நன்றாகவே யோசித்தேன்.

வியாழக்கிழமை டோபியில் லீவு சொல்லிவிட்டு டவுனுக்குப் பஸ்ஸில் போனேன். விட்டுடலாம் என்று சொல்வதற்கு முன்னால் நீ அனுப்பியிருந்த புதுப் பாரத்தை முதல் நாளே அச்செடுத்து வைத்திருந்தேன். இன்னும் முடிவு செய்யவில்லை, ஆனாலும் எடுத்துக்கொண்டு போனேன். சுப்ஹான் என்னைப் பார்த்ததும், "வாங்க அக்கா, இன்னிக்கி சந்தனம் குங்குமம் ஏதாச்சும் கொண்டாந்திருக்கீங்களா" என்றார். அவர் உம்மாவும் கடைக்கணக்கு நோட்டில் முதல் பக்கத்துக்கு அத்தர் தடவிவிடுவாராம், அதனால் என்னைக் குறை சொல்லமாட்டாராம். போன தடவை அவர் போனில் பேசிக்கொண்டே புரிஞ்சுதா அக்கா என்று கேட்டார், நானும் தலையாட்டினேன், கிளார்க் பெண் ஒட்டிய அம்புக்குறி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். "நான் தமிழ்ல வாசிக்கிறேன், கேட்டுட்டுப் போடுங்க. நம்ம ஆளுங்க பூரா தலையாட்டித்தான் மாட்டிக்கிறது" என்றார்.

மூன்று விஷயம் இருந்தது. ஒன்று, இந்தப் பணம் அன்பளிப்பு. இரண்டு, இதைத் திருப்பிக் கேட்கமாட்டேன், திருப்பித் தரவும் வேண்டியதில்லை. மூன்றாவதை அவர் கொஞ்சம் மெதுவாக வாசித்தார். இந்தப் பணத்தைக் கொண்டு வாங்கப்படும் வீட்டில் எனக்குப் பங்கு இல்லை, எந்த உரிமையும் இல்லை, அதில் குடியிருக்கும் உரிமையும் இல்லை. இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். மகள் விரும்பினால் வந்து தங்கலாம் என்று கீழே ஒரு வரி எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "ஒரு புள்ளிகூட வைக்க முடியாது அக்கா. மஞ்சளுக்கே திருப்பி அனுப்புனவன். எல்லா பேங்கும் இதத்தான் எழுதுவான். நாளைக்கி மக தவணை கட்டலன்னா வீட்ட அவன் எடுக்கணும்ல. அப்ப அம்மா உள்ள ஒக்காந்துகிட்டு நகரமாட்டேன்னு சொல்லக் கூடாது, அதுக்குத்தான். ஒங்க மக ஒங்கள வரக் கூடாதுன்னு சொல்லல" என்றார். எனக்கு அது தெரியும். அம்மாவை அங்கே கூட்டி வைத்துக்கொள்ள விசா கிடைப்பது ரொம்பக் கஷ்டம் என்று நீயே விசாரித்துச் சொல்லியிருக்கிறாய். யாரும் தராத ஒன்றைத்தான் வேண்டாம் என்று எழுதிக் கேட்கிறார்கள். ஆனாலும் தமிழில் கேட்டபோது கை எழவில்லை. பத்து நிமிஷம் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

கீழே மாமாக் கடை. பால் இல்லாத டீ, தே ஓ ஒன்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்திருப்பேன். அந்த நேரத்தில் நான் உன்னைப் பற்றி நினைக்கவில்லை ரூபி. இந்த வீட்டைப் பற்றித்தான் நினைத்தேன். காலையில் மேல்வீட்டில் குழாய் திறந்தால் நம் சமையலறைச் சுவரில் தண்ணீர் ஓடும் சத்தம். மூன்றாவது மாடி வளைவில் எரியாத விளக்கு. அப்பா கடைசியில் படுத்திருந்த பக்கம். பேனாவை எடுத்து டிஷ்யூ தாளில் என் பெயரை எழுதிப் பார்த்தேன், வீட்டு உரிமைப் பத்திரத்தில், கிராண்டில், எப்படி இருக்கும் என்று. முழுப் பெயர், ஐ.சி எண்ணோடு. நன்றாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தேன், வாங்கினால் என் வீட்டில் தனியாக இருப்பேன். வாங்காவிட்டால் வேறொருவர் வீட்டில் தனியாக இருப்பேன். உட்கார்ந்தபோது இரண்டுக்கும் நடுவில் பெரிய தூரம் இருந்தது. தே ஓ ஆறியபோது அவ்வளவு இல்லை. உனக்கு அப்படி இல்லை. உனக்கு முப்பதுகூட ஆகவில்லை. இன்னும் எத்தனை வருடம் அந்தப் பெட்டி கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் என்று எனக்குத் தெரியும், நான் நிறுத்திப் பார்த்தவள். டிஷ்யூவைக் கிளாஸுக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்து மேலே போனேன்.

சுப்ஹான் தொழுகைக்குக் கிளம்பாமல் காத்திருந்தார். "வரமாட்டீங்கன்னு நெனச்சேன் அக்கா" என்றார். வராவிட்டால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். "ஒன்னும் பண்ணியிருக்கமாட்டேன். நல்ல முடிவுன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு, "இப்ப போட்டாலும் அதையேதான் சொல்வேன்" என்றார். போட்டேன். முதல் தடவையைவிடக் கையெழுத்து நேராக வந்திருக்கிறது. அவர் சாப்பு குத்தினார், சத்தம் பெரிதாகக் கேட்டது.

நேற்று வசந்தனுக்குப் போன் செய்து வேண்டாம் தம்பி, வெளியாளுக்கே கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டேன். நெசமாவா ஆன்ட்டி என்று இரண்டு தடவை கேட்டான். நீ அவனுக்குப் போன் செய்து மாற்றிப் பேசக் கூடாது. மாசாயில் செல்வராணி வீட்டில் பின்னறை சும்மா இருக்கிறது, அங்கே போகிறேன். வாடகை வேண்டாம் என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டாள், பாதியாவது வாங்கிக்கொள் என்று ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறேன். "இங்கிலாந்துல வீடு, மாசாயில ரூமு. இனிமே ஒன்கிட்ட பேசணும்னா அப்பாயின்மென்ட் வாங்கணும்" என்று டோபிக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் புருஷன் லாரியில் நம் கட்டிலையும் அலமாரியையும் ஏற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் உன் வக்கீல் எல்லாம் முடிந்தது என்று சொல்லும்வரை நான் இங்கேதான் இருப்பேன். பத்திரத்தில் இருக்கும் முகவரியும் மின்சார பில்லில் இருக்கும் முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டுமாம், சுப்ஹான் சொன்னார். அதனால் முடிந்த அன்றைக்கே எனக்குச் சொல். சாமான் கட்ட நாள் வேண்டும்.

இதைப் படித்துவிட்டுப் பணம் வேண்டாம், நீங்கள் அந்த வீட்டையே வாங்குங்கள் என்று சொல்வாய். முடியாது. திருப்பித் தர வேண்டியதில்லை என்று நோட்டரி முன்னால் சத்தியம் செய்திருக்கிறேன், நீயே அனுப்பிய பாரத்தில். நீ திருப்பினால் நான் பொய்யெழுதியவள் ஆகிவிடுவேன், உன் பி.ஆருக்கும் அது நல்லதில்லை. இதை உனக்காக விட்டுக்கொடுத்தேன் என்று மனதில் வைத்துக்கொண்டு திரியாதே. அப்படி வைத்துக்கொண்டால் அந்த வீட்டில் உனக்குத் தூக்கம் வராது, நான் கையெழுத்துப் போட்டது வீண். ஆபீசர் யாராவது கேட்டால் அன்பளிப்பு என்று சொல். உன்னையே நீ கேட்டுக்கொண்டாலும் அதையே சொல்.

இன்னொன்று. அந்த வீட்டின் படம் அனுப்பியபோது ஒரு சின்ன அறையைத் தனியாக எடுத்து, இது உங்க ரூம்மா என்று எழுதியிருந்தாய். ஜன்னலுக்கு வெளியே ஒரு செங்கல் சுவர், அதற்குமேல் ஆகாயம். பல தடவை பார்த்திருக்கிறேன். அதை எனக்கென்று பூட்டி வைக்காதே ரூபி. வங்கியில் கேட்டுக்கொண்டு ஒரு பெண்ணுக்கு விடு. உன் ஆஸ்பத்திரியிலேயே எங்கிருந்தோ வந்து பேப்பருக்குக் காத்திருக்கிறவள் யாராவது இருப்பாள். தவணைக்கும் உதவும், நீ வேலை முடிந்து வரும்போது வீட்டில் ஒரு விளக்கும் எரியும். நான் வருவேன். விசிட் விசா எடுத்து, திரும்பும் டிக்கெட்டோடு வருவேன். ஹாலில் படுத்துக்கொள்வேன். எனக்கு இடம் ஒரு பிரச்சினையே இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். நைட் ஷிப்ட் முடிந்து வெறும் வயிற்றில் படுக்காதே. எக்ஸ்ரே அறையில் அந்தக் கனமான அங்கியை மறக்காமல் போட்டுக்கொள், உனக்கே தெரியும் இருந்தாலும் சொல்கிறேன். பத்திரம் கையில் கிடைத்ததா என்று இந்தக் கடிதம் வந்த அன்றைக்கே வக்கீலிடம் நீயே கேள், அவர்கள் சொல்வார்கள் என்று உட்கார்ந்திருக்காதே. பன்னிரண்டாம் தேதியை மறக்காதே. அப்பாவும் நானும் உனக்குக் கொடுக்க நினைத்தது எல்லாம் உனக்குச் சேரட்டும். போகிற இடத்தில் யாரும் உன்னை எழுந்து போ என்று சொல்லாமல் இருக்கட்டும்.

சாவி கையில் வந்ததும் நல்ல நாள் பார்க்க என்னைக் கேட்டுக்கொண்டு நிற்காதே, அன்றைக்கே போய்ப் பால் காய்ச்சு. புது அடுப்பு, தீ எப்படி ஏறும் என்று தெரியாது, பக்கத்திலேயே நில். புகைக்குக் கத்தும் அந்த மெஷின் கத்தினால் ஜன்னலைத் திற, பயப்படாதே. பால் பொங்கும்போது எனக்கு வீடியோ போட்டுக் காட்ட வேண்டாம், ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு சூட்டில் நிற்காதே. பொங்கட்டும். அடுப்பை அணை. ஒரு வாய் நீ குடி. அதற்குப் பிறகு கூப்பிடு. இங்கே எத்தனை மணியாக இருந்தாலும் நான் விழித்துத்தான் இருப்பேன்.

உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா
மலர்